எந்த வரியில் பிழை?

1958ஆம் ஆண்டு நவம்பர் மாத ‘அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல்’ இதழில் பதின்மூன்று பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் யூஜின் பார்க்கர், வயது 31. சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தாலும் அதுவரை பெரிய பெயர் எதுவும் எடுக்காதவர். சூரியனிலிருந்து எல்லாத் திசையிலும் ஓயாமல் ஒரு காற்று வீசிக்கொண்டே இருக்கிறது, அதன் வேகம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் என்பதுதான் கட்டுரையின் சாரம். இன்று அதைச் சூரியக் காற்று என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் வழக்கமான நடைமுறைப்படி பார்த்தால் அந்தக் கட்டுரை அச்சேறியே இருக்கக் கூடாது. இதழ் கருத்துக் கேட்டு அனுப்பிய வல்லுநர்கள் இருவரும் இது வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ஆசிரியருக்கும் கட்டுரையின் முடிவில் நம்பிக்கை இல்லை. இருந்தும் வெளியிட்டார். அந்த ஆசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

ஆய்வுக்கட்டுரை ஒன்று ஆய்விதழில் எப்படி வருகிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. யாரோ எழுதுகிறார்கள், பெயர் தெரியாத ரிவியூவர்கள் ஏதோ சொல்கிறார்கள், பிறகு கட்டுரை வருகிறது, அல்லது வராமலே போகிறது. அறிவியல் கண்டறிந்த பெரும்பாலானவை இந்தக் குறுகிய வாசல் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்ந்தன. அந்த வாசலில் யார் நிற்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளப் பார்க்கரின் கட்டுரையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதில் என்ன இருந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வால்மீனுக்கு இரண்டு வால்கள் உண்டு. ஒன்று தூசியால் ஆனது, சற்றே வளைந்திருக்கும். மற்றது மின்னேற்றம் பெற்ற வாயுவால் ஆனது. நீல நிறத்தில், நேர்கோடாக, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்டிருக்கும். வால்மீன் சூரியனை நோக்கி வந்தாலும் விலகிப் போனாலும், காற்றடிக்கும் பக்கம் புகை சாய்வதுபோல இந்த வால் எதிர்ப்பக்கமே சாயும். சூரிய ஒளியின் அழுத்தம்தான் அதைத் தள்ளுகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். 1951இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பீர்மான், ஒளிக்கு அவ்வளவு பலம் இல்லை என்று காட்டினார். சூரியனிலிருந்து துகள்கள் எல்லாத் திசையிலும் எப்போதும் பாய்ந்துகொண்டிருந்தால்தான் வால் இப்படி நிற்கும் என்றார்.

சிட்னி சாப்மன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இன்னொரு பக்கமிருந்து வந்தார். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். ஆனால் முழுக் கிரகணத்தின்போது வெள்ளை ஒளிவட்டமாகத் தெரிகிறதே கொரோனா, அதன் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல். அவ்வளவு சூடான வாயு வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். ஆகவே சூரியனைச் சுற்றியுள்ள வாயு பூமியையும் தாண்டிப் பரவி, அப்படியே அசையாமல் நிற்கும் என்று அவருடைய கணக்கு சொன்னது.

இருவரும் பெரிய அறிஞர்கள். இருவர் கணக்கும் நியாயமானது. ஆனால் அசையாமல் நிற்கும் வாயுவுக்கு நடுவே துகள் வெள்ளம் எப்படி இடைவிடாமல் பாய முடியும்? பார்க்கர் இருவரில் ஒருவரை ஒதுக்கவில்லை. இருவரும் ஒரே பொருளைத்தான் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கை மறுபடி போட்டார். அசையாத கொரோனா என்றால், சூரியனிலிருந்து எவ்வளவு தொலைவு போனாலும் அதன் அழுத்தம் பூஜ்யமாவதில்லை, ஓரளவு மிஞ்சுகிறது. அந்த மிச்ச அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் பலம் விண்மீன்களுக்கு இடையிலுள்ள மெல்லிய வாயுவுக்குக் கிடையாது. தடுப்பார் இல்லாத சூடான வாயு விரிந்துதான் தீரவேண்டும். சூரியனுக்கு அருகில் ஈர்ப்பு அதை இழுத்துப் பிடிப்பதால் மெதுவாகக் கிளம்புகிறது. தொலைவு கூடக்கூட ஈர்ப்பு தளர்கிறது, வெப்பமோ அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. வேகம் ஏறுகிறது. ஓரிடத்தில் ஒலியின் வேகத்தைக் கடக்கிறது, அதன்பின் திரும்பிப் பார்ப்பதில்லை. பூமியை அடையும்போது நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். ஒளி எட்டு நிமிடத்தில் கடக்கும் தூரத்தை இந்தக் காற்று நாலு நாளில் கடக்கிறது. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால், காற்றோடு இழுபடும் அதன் காந்தப்புலம் சுருளாக வளைகிறது என்பதையும் அதே கட்டுரை சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் அடிப்படையாக இருந்தது சில வரி இயற்கணிதம். கல்லூரி இயற்பியல் படித்தவர் தொடர்ந்து போகக்கூடியது. கணக்கு இவ்வளவு எளிதாக இருந்ததும் ஒருவேளை அதற்குப் பாதகமாகப் போயிருக்கலாம். இத்தனை பெரிய செய்தி இவ்வளவு சின்னக் கணக்கில் ஒளிந்திருந்தால் முன்பே யாராவது கண்டிருக்க மாட்டார்களா என்று தோன்றுவது இயல்பு.

கட்டுரை ஆய்விதழுக்குப் போனது. போனபின் நடப்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆசிரியர் முதலில் தானே படித்துப் பார்ப்பார். இதழின் துறைக்குப் பொருந்தாதது, புதிதாக எதுவும் சொல்லாதது, படிக்கவே முடியாதது எல்லாம் அவர் மேசையிலேயே நின்றுவிடும். தேறியதை அந்தத் துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். அவர்கள்தான் மதிப்பீட்டாளர்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பெயரும் வெளியே வராது. தன்னுடைய ஆய்வை ஒதுக்கிவைத்துவிட்டு முகம் தெரியாத ஒருவரின் சமன்பாடுகளை இரவில் உட்கார்ந்து சரிபார்க்கும் இந்த உழைப்பு அறிவியலின் பெரிய கொடைகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அறிக்கைகள் வந்ததும் ஆசிரியர் முடிவெடுப்பார்: ஏற்கலாம், சிறு திருத்தத்தோடு ஏற்கலாம், பெருந்திருத்தம் வேண்டும், வேண்டவே வேண்டாம். முதல் சுற்றிலேயே அப்படியே ஏற்கப்படும் கட்டுரைகள் மிக அரிது. மதிப்பீட்டாளர் சொல்வது ஆலோசனைதான், தீர்ப்பு ஆசிரியருடையது. பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

பார்க்கரின் கட்டுரைக்கு வந்த முதல் அறிக்கை கடுமையானது. இவர் எழுதுவதற்கு முன்பு நூலகத்துக்குப் போய் இந்தத் துறையைப் பற்றிப் படித்திருக்க வேண்டும், இது முழு அபத்தம் என்ற பொருளில் அது எழுதப்பட்டிருந்தது என்று பார்க்கரே பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்தார். இரண்டாவது மதிப்பீட்டாளரும் அதே பக்கம்தான் நின்றார். ஒருநாள் சந்திரசேகர் பார்க்கரின் அறைக்கு வந்தார். இதை உண்மையிலேயே வெளியிடத்தான் வேண்டுமா என்று கேட்டார். துறையில் பெரியவர்களிடம் காட்டினேன், தவறு என்கிறார்கள் என்றார். பார்க்கர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: அவர்களில் யாரும் கணக்கில் பிழை இருப்பதாகச் சொல்லவில்லையே. சந்திரசேகரும் கணக்கைப் பார்த்திருந்தார், அவருக்கும் பிழை அகப்படவில்லை. சரி, வெளியிடுகிறேன் என்றார்.

இந்தச் சிறிய உரையாடலில் ஆய்விதழ் என்ற அமைப்பின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆசிரியர் நம்பவில்லை. அவருக்கு உதவ வந்த வல்லுநர்களும் நம்பவில்லை. ஆனால் நம்பிக்கையின்மை ஒரு காரணம் ஆகாது என்று அவர் முடிவெடுத்தார். எந்த வரியில் பிழை என்று காட்ட முடியாத மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை.

அந்த நாற்காலியில் இருந்தவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிய இளைஞர், வெள்ளைக் குறுமீன்களுக்கு ஓர் எடை வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் அவற்றால் அப்படியே நிலைத்திருக்க முடியாது என்று கண்டார். அந்தச் சிறு கட்டுரை 1931இல் வந்ததும் இதே அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலில்தான். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதை விளக்கியபோது, அன்றைய வானியலின் பெரிய மனிதரான ஆர்தர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படிக் கேலிக்குரிய விதத்தில் நடந்துகொள்ள இயற்கை விடாது என்ற தொனியில் பேசினார். கூட்டம் சிரித்தது. சந்திரசேகருக்கு அப்போது 24 வயது. அவர் பக்கம்தான் நியாயம் என்று தனிமையில் சொன்ன இயற்பியலாளர்கள் அப்போது அதை வெளியில் சொல்ல முன்வரவில்லை. அந்த வரம்பு இன்று அவர் பெயரால்தான் வழங்குகிறது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. பெரியவர் ஒருவரின் நம்பிக்கையின்மை ஒரு சரியான கணக்கை எவ்வளவு காலம் மூலையில் உட்காரவைக்கும் என்பதைச் சொந்த வாழ்க்கையில் பார்த்தவர் அவர்.

அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலை அவர் 1952 முதல் 1971 வரை நடத்தினார். பொறுப்பேற்றபோது ஆண்டுக்கு ஆறு இதழ், சுமார் 950 பக்கம். விட்டுப் போகும்போது 24 இதழ், 12,000 பக்கத்துக்கும் மேல். சொந்த ஆய்வும் வகுப்பும் நடத்திக்கொண்டே ஒருவர் பத்தொன்பது ஆண்டு இதைச் சுமந்தார் என்பது மலைப்பைத் தருகிறது. ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்: பார்க்கரும் சந்திரசேகரும் ஒரே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். இன்றைய விதிகளின்படி அப்படிப்பட்ட கட்டுரையை ஆசிரியர் வேறொருவர் பொறுப்பில் விட்டிருக்க வேண்டும். அந்த விதி நியாயமானது. ஆனால் அது அன்றைக்கு இருந்திருந்தால், இரண்டு மறுப்புகளுக்குப் பிறகு இந்தக் கட்டுரை வந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

அச்சான பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. இவ்வளவு வேகமெல்லாம் கிடையாது, மெல்லிய தென்றல் அளவுதான் என்று ஜோசஃப் சேம்பர்லின் மாற்றுக் கட்டுரை எழுதினார். கட்டுரைக்குக் கட்டுரை பதில் வந்தது. ஆய்விதழ் அதற்காகத்தான் இருக்கிறது. தீர்ப்பை வானம் சொன்னது. 1959இல் சோவியத் லூனா விண்கலங்கள் துகள் ஓட்டத்தின் முதல் தடயங்களைக் கண்டன. 1962 ஆகஸ்டில் வெள்ளிக் கோளை நோக்கிக் கிளம்பிய அமெரிக்காவின் மரினர் 2, போகும் வழியெல்லாம் மாதக்கணக்கில் அளந்துகொண்டே போனது. காற்று ஒருநாளும் நிற்கவில்லை. வேகம் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர், கணக்கு சொன்ன அளவு. இந்தக் காற்றில் சூரியன் நொடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் இழந்துகொண்டிருக்கிறது என்பதும், வாயேஜர் 1 அந்தக் காற்றின் எல்லையைக் கடந்து வெளியேற 2012 வரை ஆனது என்பதும் பிறகு தெரியவந்தவை. 2018 ஆகஸ்ட் 12 அன்று பார்க்கரின் பெயர் சூட்டப்பட்ட விண்கலம் சூரியனை நோக்கிக் கிளம்பியபோது 91 வயதுப் பார்க்கர் நேரில் நின்று பார்த்தார். உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை நாசா ஒரு விண்கலத்துக்கு வைத்தது அதுவே முதல் முறை. நம் ஆதித்யா எல்1 விண்கலத்தில் இந்தக் காற்றை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர், செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி.

இந்தக் கதையை மட்டும் கேட்டால் மதிப்பீட்டாளர்கள் எல்லாம் புதுமைக்கு எதிரிகள் என்று தோன்றிவிடும். அது தவறு. இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது, அதன் நாயகர் ஐன்ஸ்டைன்.

1936இல் ஐன்ஸ்டைனும் அவருடைய உதவியாளர் நேதன் ரோசனும் ‘ஃபிசிக்கல் ரிவியூ’ இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். ஈர்ப்பலைகள் கிடையாது என்பது அதன் முடிவு. அப்படி அலைகள் இருக்கும் என்று இருபது ஆண்டுக்கு முன் சொன்னவரே ஐன்ஸ்டைன்தான். ஆசிரியர் ஜான் டேட், அனுப்பியவர் யார் என்று பார்க்காமல் ஒரு வல்லுநரின் கருத்துக்கு அனுப்பினார். பத்துப் பக்க அறிக்கை வந்தது. கட்டுரையில் வரும் சிக்கல் அலைகளின் சிக்கல் அல்ல, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆயத்தொலைவு முறையின் சிக்கல் என்று இடம் சுட்டிக் காட்டியது அந்த அறிக்கை. ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்தது. ஐரோப்பாவில் அவர் பழகிய இதழ்களில் இப்படி வெளியாளிடம் காட்டும் வழக்கம் பெரிதாக இல்லை. வெளியிடத்தான் அனுப்பினோம், அச்சாகும் முன்பு யாரிடமும் காட்ட உங்களுக்கு அனுமதி தரவில்லை என்று எழுதி, கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்த வல்லுநர் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஹோவர்ட் ராபர்ட்சன். விடுப்பு முடிந்து ஊர் திரும்பியவர், ஐன்ஸ்டைனின் புதிய உதவியாளர் இன்ஃபெல்டோடு நட்பாகி, பேச்சுவாக்கில் பிழை இருக்கும் இடத்தைக் காட்டினார். தான்தான் அந்த மதிப்பீட்டாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. 1937இல் கட்டுரை வேறோர் இதழில் வந்தபோது முடிவு தலைகீழாகியிருந்தது: ஈர்ப்பலைகள் உண்டு. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் அந்த அலையை நேரடியாகப் பதிவு செய்தன. ராபர்ட்சனின் பெயர், அந்த இதழின் பழைய பதிவேடு திறக்கப்பட்ட பிறகு, 2005இல்தான் உறுதியாக வெளியே தெரிந்தது. உலகத்தின் மிகப் பெரிய இயற்பியலாளரை ஒரு தவறான அறிவிப்பிலிருந்து காப்பாற்றிய மனிதர், அதைத் தன் பெயருக்கு வரவு வைக்காமலே போய்ச் சேர்ந்தார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

இரண்டு கதைகளுக்கும் வேறுபாடு இந்த ஒன்றில்தான். பார்க்கரின் மதிப்பீட்டாளர்கள் நம்ப முடியவில்லை என்றார்கள். ராபர்ட்சன் இந்த இடத்தில் பிழை என்றார்.

மதிப்பீட்டாளரின் வேலை என்ன என்ற சண்டை இந்த வழக்கத்தின் பிறப்பிலேயே இருந்தது. ராயல் சொசைட்டியில் 1831இல் வில்லியம் வியூவெல், வரும் கட்டுரைகளைப் பற்றி அறிஞர்கள் அறிக்கை எழுதி வெளியிடலாம் என்றார். கட்டுரையின் சிறப்பை ஊருக்கு எடுத்துச் சொல்வது அவர் நோக்கம். முதல் அறிக்கை எழுத அவரோடு ஜான் லபக்கும் அமர்ந்தார். கட்டுரை பூமியும் வெள்ளியும் ஒன்றன் பாதையை ஒன்று கலைப்பதைப் பற்றி ஜார்ஜ் ஏரி எழுதியது. லபக் குறைகளைத் தேடினார், வியூவெல் பெருமையைச் சொல்லவேண்டும் என்றார், இருவருக்கும் ஒத்துவரவில்லை. இன்றும் ஒவ்வோர் ஆசிரியரும் இந்த இரண்டு குணத்துக்கும் நடுவேதான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். வெளி மதிப்பீட்டை ‘நேச்சர்’ இதழ் எல்லாக் கட்டுரைக்கும் கட்டாயமாக்கியது 1973இல்தான் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை இந்தச் சோதனை இல்லாமலே வந்தது.

இதழ் என்ற அமைப்பு இந்த மதிப்பீட்டு வழக்கத்துக்கும் முந்தியது. ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ தொடங்கும்வரை, கண்டுபிடிப்பைச் சொன்னால் பிறர் எடுத்துக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் பிறர் முந்திவிடுவார்கள் என்ற தவிப்பு எல்லோருக்கும் இருந்தது. சனிக்கோளின் வளையத்தைக் கண்ட ஹைகன்ஸ் அந்தச் செய்தியை எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக வெளியிட்டு, 1659இல்தான் விடுவித்தார். தேதியோடு அச்சிட்டு எல்லோருக்கும் கொடுக்கும் இதழ் வந்தபின் இந்தப் பூட்டுக்குத் தேவை இல்லாமல் போனது. தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் சி.வி. ராமனே சாட்சி. 1928 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஒளிச்சிதறலில் புதிய விளைவைக் கண்டதும் அவர் தாமதிக்கவில்லை. மார்ச் மாதத்துக்குள் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் எழுதிய குறிப்பு நேச்சரில் வந்துவிட்டது. அதே வாரங்களில் மாஸ்கோவில் அதே விளைவைப் பளிங்கில் கண்ட லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் இருவரின் கட்டுரை ஜூலையில்தான் வந்தது. 1930இன் நோபல் பரிசு ராமனுக்குப் போனது. சந்திரசேகருக்கு ராமன் சித்தப்பா முறை.

வெளியாவது வேறு, உண்மையாவது வேறு. இதைச் சொல்ல ராமானுஜனின் முதல் கட்டுரை உதவும். 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் பெர்னூலி எண்களைப் பற்றி வந்தது அது. இதழின் ஆசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் அதை அப்படியே வாங்கிப் போட்டுவிடவில்லை. நடை மிகச் சுருக்கம், தெளிவு போதாது, சாதாரண வாசகர் பின்தொடர முடியாது என்பது அவர் குறை. திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கித்தான் வெளியிட்டார். அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அப்படியும் ஒரு பிழை தப்பிவிட்டது. ஒரு வகைப் பின்னங்களைச் சுருக்கினால் தொகுதி எப்போதும் பகா எண்ணாகவே இருக்கும் என்று ராமானுஜன் எழுதியிருந்தார். இருபதாவது எண்ணில் அது உடைகிறது: 174611 என்பது 283ஐ 617ஆல் பெருக்கினால் வருவது. மேதை எழுதி, நல்ல ஆசிரியர் பார்த்து வெளியிட்ட கட்டுரையிலும் இது நடக்கும். ஆய்விதழின் முத்திரை ஒரு முடிவை இனி எல்லோரும் சோதித்துப் பார்க்கலாம் என்று திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். செய்தித்தாளில் ‘ஆய்வு நிரூபித்தது’ என்று வாசிக்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

இன்றைய இளம் ஆய்வாளருக்கு இந்த வாசல் கூடுதலாக இரண்டு தொல்லைகளோடு வருகிறது. ஒன்று பணம். வாசகர் இலவசமாகப் படிக்க எழுதியவர் கட்டணம் கட்டும் முறையில், நேச்சர் இதழ் 2021இல் வைத்த கட்டணம் 9,500 யூரோ. நம் ஊரில் ஆய்வு மாணவர் ஒருவரின் பல மாத உதவித்தொகை அது. ஆனால் சந்தாவில் ஓடும் நல்ல இதழ்கள் பெரும்பாலும் எழுதுபவரிடம் காசு கேட்பதில்லை என்பது பல மாணவர்களுக்குத் தெரியாது. ராமன் 1934இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் ‘பிரமாணா’ போன்ற இதழ்களில் கட்டணமில்லாமல் வெளியிட வழி இருக்கிறது.

மற்றது போலி இதழ்கள். பணம் கட்டினால் சில நாளில் ஏற்றுக்கொள்வார்கள், யாரும் படித்திருக்க மாட்டார்கள். 2013இல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே அப்பட்டமான பிழைகள் வைத்து ஒரு போலிக் கட்டுரை தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன. பதவி உயர்வுக்கும் பட்டத்துக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது. மாணவர்களைத் திட்டிப் பயனில்லை, எண்ணச் சொன்னவர்கள்தான் நிறுத்த வேண்டும்.

நேர்மையான இதழிலிருந்து பெருந்திருத்தம் கேட்டு ஒரு கடிதம் வந்தால், அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம். யாரோ ஒருவர் உங்கள் கட்டுரையைக் கடைசி வரை படித்திருக்கிறார். அதற்கு எழுதும் பதில் கட்டுரைக்கு நிகரான உழைப்பைக் கேட்கும். ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்தெழுதி, கீழே என்ன செய்தோம், எந்தப் பக்கத்தில் மாற்றினோம், எதை ஏன் மாற்றவில்லை என்று சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், பெரும்பாலும் அந்த இடத்தில் எழுத்து தெளிவாக இல்லை என்று பொருள். சில சமயம் மறுப்பே கட்டுரையை உயர்த்திவிடும். 1964இல் பீட்டர் ஹிக்ஸ் என்ற இயற்பியலாளரின் கட்டுரையை ஓர் இதழ் வேண்டாம் என்றது. அவர் இன்னும் கொஞ்சம் எழுதிச் சேர்த்து வேறோர் இதழுக்கு அனுப்பினார். சேர்த்த பகுதியில்தான் புதிய துகள் ஒன்று இருக்கும் என்ற குறிப்பு வந்தது. 2012இல் செர்ன் ஆய்வகம் கண்டது அந்தத் துகளை.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறி, வெளியீட்டு நெறி பற்றிய பாடத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு 2019இல் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரை எழுதப் பழக்குவதோடு நிறுத்தாதீர்கள். வெளியான கட்டுரை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் கொடுத்து, மாணவர்களை மதிப்பீட்டறிக்கை எழுதச் சொல்லுங்கள். பிடித்திருக்கிறதா, நம்பமுடிகிறதா என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிழை இருந்தால் எந்தப் பக்கம், எந்த வரி, எதைச் செய்தால் சரியாகும் என்று எழுதிக்கொண்டுவரச் சொல்லுங்கள். சில ஆண்டுகளில் அந்த மாணவர்களின் கையில்தான் அடுத்தவரின் கட்டுரை இருக்கும்.